எட்டு சென்டிமீட்டர் அம்பு

அவளை எல்லாரும் அம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சுருக்கென்று கோபம் வரும், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கோபம் வரும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். நாள் முழுக்க உட்கார்ந்து தாளில் அம்புக்குறி போடுகிறவளை வேறென்னவென்று கூப்பிடுவது என்று அவன் ஒருநாள் கிண்டலுக்கு ஆரம்பித்தது, கம்பெனி முழுக்க ஒட்டிக்கொண்டது.

கிரேன் வைத்துப் பாரம் தூக்கிக் கொடுக்கிற கம்பெனி அது. அண்ணன் தூக்குகிற கோஷ்டிக்கு மேஸ்திரி. தங்கை ஆபீசில் உட்கார்ந்து, எந்தப் பாரத்தை எந்தக் கயிற்றில் எப்படிக் கட்டித் தூக்குவது என்று கணக்குப் போடுகிறவள். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே கம்பெனியில் குப்பை கொட்டுகிறார்கள் என்று முதலாளி சொல்வார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவள் வாயால் சரி என்று சொல்லாமல் அண்ணன் கொக்கியில் எதையும் மாட்டமாட்டான். அவள் சொன்னதும் திரும்பி நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "அம்பு ஓகே!" என்று ஒரு கத்து கத்துவான். அதற்குப் பிறகுதான் கிரேன் உறுமும்.

அன்றைக்கும் அப்படித்தான் கத்தினான். போனில் அவள் காதுபடவே கத்தினான். வினையே அங்கேதான்.

தூக்க வேண்டியது எட்டு டன் மெஷின். ஏழு மாடிக் கடை ஒன்றுக்கு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் அனுப்புகிற ஏ.சி. மெஷின், மொட்டை மாடியில் போய் உட்கார வேண்டும். மூன்று நாள் மெனக்கெட்டு அவள் அதற்கு வரைபடம் போட்டிருந்தாள். மெஷினின் தலையில் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக இரண்டு வளையம், நடுவே நாலு மீட்டர். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் நாலு மீட்டர் இரும்புக் கயிறு மேலே போய்க் கொக்கியில் சேரும். அழகான முக்கோணம். ஒரு கயிற்றுக்கு நாலரை டன் சொச்சம் வரும், கயிறு தாங்குவது ஆறு டன். ஒரு கவலையும் இல்லை.

காலையில் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அண்ணன் போன் செய்தான். அவளோ அப்போது வேறொரு பார்ட்டிக்கு அவசர அவசரமாகத் தாள் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்பு, ஒரு சிக்கல். கிரேன் கையை முழுசா நீட்டியாச்சு. உன் கயிறு நீளத்துக்கு மெஷின் தொங்கினா மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டாது. ரெண்டு மீட்டர் இடிக்குது."

"நேத்து அளந்தியே, அப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

"நேத்து இந்தப் பக்கம் நிறுத்தலாம்னாங்க. இன்னைக்கு அங்க பள்ளம் தோண்டி வச்சிருக்கானுங்க, கிரேன் தள்ளி நிக்குது. அத விடு. வண்டியில குட்டைக் கயிறு ஒரு ஜோடி கிடக்கு. ரெண்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதப் போட்டா சுவரைத் தாண்டிரும். போடலாமா?"

"எத்தனை டன் கயிறு?"

"அதே ஆறு டன்தான். கயித்துல கட்டியிருக்கற தகட்டுல போட்டிருக்கு. புதுசு. உனக்கு இதையும் நாலு பக்கத்துக்கு எழுதி அம்பு விட்டாத்தான் ஆகுமா, இல்ல வாயால சொல்றியா?"

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், படுபாவி. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஆறு டன்தானே? அப்ப ஓகே. போட்டுத் தொலை," என்றாள்.

"அம்பு ஓகே!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

அவள் மறுபடி அந்த அவசரத் தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அதை முடித்து அனுப்பிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, நிதானமாக மெஷின் வரைபடத்தை எடுத்தபோது மணி பத்து இருபது. கயிற்று நீளம் மாறிவிட்டதே, ஃபைலுக்காகவாவது திருத்தி வைப்போம் என்றுதான் எடுத்தாள். சந்தேகம் ஒன்றும் இல்லை. ஃபைலில் ஒன்று, நிஜத்தில் ஒன்று என்று இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இந்த அம்பு விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குத் திசையன் என்று பெயர். ஆபீசில் வெக்டர் என்பார்கள். ஒரு விசை எவ்வளவு என்று மட்டும் சொன்னால் அது பாதிச் சேதி. எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அம்பு. நீளம் எவ்வளவு என்பதைச் சொல்லும், முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்போது ஒட்டி நின்றால் வலிக்காது. அதே வாளியை ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்று தூக்கிப் பாருங்கள், தோள்பட்டை கழன்று போகும். வாளி அதே வாளிதான், தண்ணீர் அதே தண்ணீர்தான். கை சரியச் சரிய, பாதி பலம் ஒருத்தரை ஒருத்தர் இழுப்பதிலேயே போய்விடுகிறது.

அவள் இன்னமும் கையால்தான் வரைவாள். ஒரு டன்னுக்கு ஒரு சென்டிமீட்டர். அச்சடித்த தாளில் அம்பு போடுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். மெஷினின் எட்டு டன்னைக் கீழ்நோக்கிப் போட்டாள். குட்டைக் கயிற்றின் சாய்வை அளந்து, அந்தச் சாய்வில் கோடு இழுத்தாள். முன்பு அறுபது டிகிரியில் நின்றது இப்போது முப்பதுகூட இல்லை, படுத்துக் கிடந்தது. மேலே எட்டு டன்னைச் சமாளிக்க வேண்டுமே, எவ்வளவு நீளம் போக வேண்டும் என்று கோட்டை நீட்டினாள். நாலு சென்டிமீட்டர் போனது. ஐந்து போனது. ஆறு போனது. கட்டத்தின் ஓரத்தைத் தாண்டி, கையெழுத்துப் போடுகிற இடத்துக்குள் போய் நின்றது. எட்டு சென்டிமீட்டர்.

பென்சில் அப்படியே நின்றது.

எங்கேயோ தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் எட்டு. கால்குலேட்டரில் தட்டினாள். எட்டு புள்ளி ஒன்று. ஒரு கயிற்றுக்கு எட்டு டன்! ஆறு டன் கயிற்றில்! தகட்டில் இருக்கிற ஆறு, கயிறு நேராகத் தொங்கும்போது. குட்டையோ நெட்டையோ, தகட்டில் அதே ஆறுதான் அடித்திருக்கும். சாய்வைத் தகடு சொல்லாது. அதைச் சொல்லத்தானே அவளுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்!

இரு, இரு, பதறாதே என்று தன்னையே அடக்கினாள். கயிறு செய்கிறவன் முன்ஜாக்கிரதையாக ஐந்து மடங்கு பலம் வைத்துத்தான் செய்வான். எட்டு டன்னில் கயிறு அறுந்துவிடாது. தப்புதான், பெரிய தப்புதான், ஆனால் அறுந்துவிடாது. கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சோடு மெஷின் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தைப் புரட்டினாள். மூன்றாவது பக்கத்தில் வளையத்தின் படம். அதன் கீழே பொடி எழுத்தில்: நாற்பத்தைந்து டிகிரிக்குக் கீழே சாய்த்து இழுக்கக் கூடாது.

கயிறு தாங்கும். வளையம் தாங்காது. அது மேல்நோக்கி இழுப்பதற்காகப் பற்றவைத்த வளையம். இந்தச் சாய்வில் அதைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தாள். முன்பு இரண்டு டன் சொச்சமாக இருந்தது, இப்போது ஏழு. இரண்டு வளையத்தையும் ஏழேழு டன் பிடித்து உள்பக்கமாக மடக்குகிறது. ஒரு வளையம் பிடுங்கிக்கொண்டால் மெஷின் ஒரு பக்கமாகச் சரிந்து கீழே வரும். கீழே அண்ணன் நிற்பான்.

அவள் போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அடித்தாள். கோஷ்டியில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் அடித்தாள். கிரேன் ஓட்டுகிறவருக்கும் அடித்தாள். ஒருத்தரும் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். பாரம் கொக்கியில் ஏறினால் எல்லார் போனும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். அண்ணன் போட்ட சட்டம். பாரம் அந்தரத்தில் இருக்கும்போது ஒருத்தன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவன் போட்ட நல்ல சட்டம். அந்த டின்னுக்குள் ஐந்து போன் மாற்றி மாற்றி அலறுவதை நினைத்தாள். அதன் மேலே எவனாவது சட்டையைக் கழற்றிப் போட்டிருப்பான்.

கடையின் வரவேற்பு நம்பருக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வெளிய கிரேன் வேலை நடக்குதுல்ல, அங்க மேஸ்திரிகிட்ட உடனே சொல்லணும். உயிர் போற அவசரம்."

"கிரேன் எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க மேடம். பராமரிப்புக்கு மாத்தறேன், லைன்ல இருங்க."

இனிமையாக ஒரு பாட்டு வந்தது. அரை நிமிஷம் கேட்டாள். போனை வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். செருப்பு ஒன்று மாடிப்படியிலேயே நின்றுவிட்டது, திரும்பிப் போய் மாட்டினாள். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. அண்ணனாகத்தான் இருக்கும் என்று வெடுக்கென்று எடுத்தாள். அண்ணி.

"ஏய் நாத்தனாரே, உங்க அண்ணன் ஏன் போனை எடுக்க மாட்டேங்கறாரு? சாயங்காலம் பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன். போன தடவை மாதிரி ஓடி ஒளிஞ்சாரு, நடக்கறதே வேற. எட்டு டன்னைத் தூக்கற மனுஷன் ஒரு ஊசிக்கு இந்தப் பயம் பயப்படறாரு!"

அண்ணி சிரித்தாள்.

"அண்ணி, அண்ணன் வேலையில இருக்கான். நான்... நான் அங்கதான் போறேன். சொல்லிடறேன்."

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி அண்ணி."

வைத்துவிட்டாள். பாவி, என்ன பொய் சொல்கிறாய் என்று மனசு குத்தியது. சாயங்காலம் இதே அண்ணியின் முகத்தில் எப்படி முழிப்பாள்? 'ஆறு டன்தானே, அப்ப ஓகே' என்று சொன்னேன் என்பாளா? தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிட்டார்கள் என்ற ரோஷத்தில் சொன்னேன் என்பாளா?

ஆபீசிலிருந்து அந்தக் கடைக்கு மூன்று கிலோமீட்டர். சாதாரண நாளில் பத்து நிமிஷம். இரண்டு கிலோமீட்டர் எப்படியோ வந்தாள். அதற்குமேல் ஒரு வண்டியும் நகரவில்லை. பஸ், லாரி, கார் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. என்ன ஆச்சு என்று பக்கத்துக் காரில் இருந்தவரைக் கேட்டாள்.

"மெயின் ரோட்டை அடைச்சுட்டாங்கம்மா. ஏதோ கிரேன் வச்சு என்னத்தையோ தூக்கறாங்களாம். பத்தரையிலேர்ந்து பதினொன்னரை வரைக்கும். எந்தப் புண்ணியவான் போட்ட பிளானோ!"

அந்தப் பிளானும் அவள் போட்டதுதான். ரோட்டை அடைக்க விண்ணப்பம் எழுதியதே அவள்தான். ஸ்கூட்டரை ஒரு மருந்துக்கடை வாசலில் சாய்த்துவிட்டு, கடைக்காரர் சத்தம் போடுவதைக் காதில் வாங்காமல் ஓடினாள். மணி பத்து நாற்பத்தேழு. ஓட ஓட மனசு கணக்குப் போட்டது. பாரம் ஏறினால் முதலில் ஒரு சாண் தூக்கி ஐந்து நிமிஷம் நிறுத்திப் பார்ப்பார்கள். அதுவும் அண்ணன் சட்டம். பத்தரைக்கு ரோடு அடைத்திருந்தால், பத்து நாற்பதுக்கு ஒரு சாண். பத்து நாற்பத்தைந்துக்கு மேலே. இப்போது பத்து நாற்பத்தேழு. ஏதாவது தாமதமாகியிருக்கட்டும். எவனாவது கையுறையைத் தேடட்டும். கடவுளே, ஒரு அஞ்சு நிமிஷம்.

மூலை திரும்பினாள். கட்டடத்தின் முன்னால், மூன்றாவது மாடி உயரத்தில், சாம்பல் நிறத்தில் மெஷின் தொங்கிக்கொண்டிருந்தது. மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே இரண்டு கயிறும் தாளில் அவள் போட்ட அதே சாய்வில் படுத்துக் கிடந்தன. எத்தனையோ வருஷமாக இந்த வேலை பார்க்கிறாள், ஒரு கயிறு அவளை இப்படிப் பயமுறுத்தியதில்லை. ஒரு குழந்தை படம் போட்டால்கூட இவ்வளவு தட்டையாகப் போடாது.

அவள் வாயைத் திறந்தாள். கத்த வேண்டியதுதான் பாக்கி. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கத்தினால் போதும், கத்துவது ரோட்டில் போகிறவனாக இருந்தாலும் கிரேன் அந்த நொடியே நிற்க வேண்டும். அது எல்லா ஊர்க் கிரேனுக்கும் சட்டம். பாதிக் கை தூக்கிவிட்டாள்.

அங்கேயே கையை நிறுத்திக்கொண்டாள். கிரேன் சட்டென்று நின்றால் மெஷின் சட்டென்று நிற்காது. எட்டு டன் ஒரு குலுக்குக் குலுக்கித்தான் நிற்கும். அந்தக் குலுக்கு எவ்வளவு? ஒரு டன்னா, இரண்டா? கீழ்நோக்கிப் போகிற அம்பு ஒரே நொடியில் நீளும், அதற்கு ஈடாக வளையத்தில் இழுக்கிற அம்பும் நீளும். ஏற்கெனவே உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வளையத்துக்கு அவள் போடுகிற கூச்சல் இன்னொரு அம்பு. காப்பாற்ற ஓடி வந்த வாயாலேயே கொன்றுவிடுவாள்.

கத்தக் கூடாது. ஓடவும் கூடாது. அவள் ஓடி வருவதைப் பார்த்தாலே கிரேன்காரர் பதறிப் போய் நெம்புகோலை இழுத்துவிடுவார். நடக்க வேண்டும். கடைக்குத் துணி எடுக்க வந்தவள் மாதிரி நடந்து போய், அண்ணனிடம் சொல்ல வேண்டும். மெல்ல நிறுத்து, இறக்கு என்பதற்கெல்லாம் கிரேன்காரர் அண்ணன் கையைத் தவிர வேறு யார் கையையும் பார்க்கமாட்டார். ஒட்டகம் என்று பேர் அவருக்கு. கழுத்தை நீட்டி அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தடுப்புக் கம்பியருகே காவலாளி மறித்தார்.

"மேடம், ஹெல்மெட் இல்லாம உள்ள விட முடியாது."

"நான் அந்தக் கம்பெனிதான். மேஸ்திரி தங்கச்சி."

"தங்கச்சியா இருந்தாலும் சரி, தாயா இருந்தாலும் சரி, தலைக்கு ஹெல்மெட் வேணும்."

சண்டை போட்டால் அங்கே எல்லாரும் திரும்புவார்கள். அவள் கெஞ்சவுமில்லை, கத்தவுமில்லை. அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைத் தன் கையாலேயே கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த மனுஷன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். இன்னொரு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பார்கள்.

இருபது அடி. அதை அவள் நடந்த நடை இருக்கிறதே, அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு தூரம் நடந்ததில்லை. தலைக்கு மேலே கிரேனின் உறுமலுக்கு நடுவில் ஒரு 'கிர்ர்' சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மூன்று பேர் மெஷின் சுழலாமல் இருக்க ஆளுக்கொரு வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில், எல்லாரையும்விட உள்ளே, அண்ணன் அண்ணாந்து பார்த்து விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்ன அம்பு, நேர்ல பார்த்துட்டுப் போலாம்னு..."

"அண்ணே," என்றாள். குரலை எங்கிருந்தோ பிடித்து வந்து சமமாக வைத்தாள். "சட்டுனு நிறுத்தாத. ஏத்தறத மெல்லக் குறை. அப்புறம் மெல்ல இறக்கு. குலுக்கக் கூடாது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. சுழன்றுகொண்டிருந்த விரல் மெதுவாகிக்கொண்டே வந்து, தூங்கப் போகிற மாதிரி ஓய்ந்தது. மேலே மெஷின் நின்றதே தெரியாமல் நின்றது. பிறகு உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல, மெல்ல அசைத்தான். ஒட்டகம் கேள்வி கேட்காமல் இறக்க ஆரம்பித்தார்.

"வடத்தை விட்டுட்டு வெளிய போங்கடா," என்றான் அந்த மூன்று பேரிடம், பார்வையை எடுக்காமலேயே. அவர்கள் போனார்கள். "நீயும் போ."

"நீ?"

"நான் போனா ஒட்டகத்துக்கு யார் கை காட்டறது? போடி."

"போகமாட்டேன்."

"அம்பு, சொன்னாக் கேளு."

"போகமாட்டேன்னா போகமாட்டேன்."

அவன் வாய்க்குக் கொடுக்கிற கவனத்தையும் கைக்குக் கொடுத்தான். மெஷின் இரண்டாவது மாடி ஜன்னல்களைத் தாண்டி இறங்கியது. அந்த 'கிர்ர்' சத்தம் மறுபடி வந்தது, இந்தத் தடவை நீளமாக வந்தது. மேலேயிருந்து சாம்பல் நிறப் பெயிண்ட் துணுக்குகள் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தன. அவள் அண்ணனின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள். முதல் மாடி. கடையின் பெயர்ப்பலகை. ஆள் உயரம். இடுப்பு உயரம். முட்டி. ஒரு சாண். கீழே போட்டிருந்த மரக்கட்டைகள் மேல் எட்டு டன்னும் உட்கார்ந்தபோது கட்டைகள் ஒரு தடவை முனகின. கயிறுகள் தொய்ந்தன.

கிரேன் அணைந்ததும் தெருவில் அத்தனை வண்டிகளின் ஹாரனும் ஒரேயடியாகக் கேட்டது. அதுவரைக்கும் அவள் காதில் ஒன்றுகூட விழவில்லை.

கடையின் எஞ்சினியர் கத்திக்கொண்டு வந்தார். ரோடு திறக்க அரைமணிதான் இருக்கிறது, இது என்ன விளையாட்டா, மேலே போனதை யார் இறக்கச் சொன்னது என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள், கோஷ்டி கேட்க, ஒட்டகம் கேட்க, தலையைத் தடவிக்கொண்டு பின்னாலேயே வந்த காவலாளி கேட்க. "குட்டைக் கயிறு போடலாம்னு சொன்னதும் நான்தான். சாய்வைப் பார்க்காமச் சொல்லிட்டேன். தப்பு முழுக்க என்னோடது. இன்னைக்கு இது மேல போகாது. பெரிய கிரேன் வரணும். முதலாளிகிட்ட நானே பேசிக்கறேன்."

எஞ்சினியர் இன்னும் என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் அண்ணன் மெஷின் மேல் ஏறி இடது பக்கத்து வளையத்தைப் பார்த்துவிட்டு, வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினான். வளையம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. பற்றவைத்த அடிவாரத்தில் ஒரு விரிசல், கட்டைவிரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு. எஞ்சினியர் பார்த்தார், மேலே அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார், பிறகு இறங்கி உள்ளே போய்விட்டார்.

அவளும் ஏறி அந்த விரிசலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றினான். திட்டப்போகிறான், திட்டட்டும், ஓங்கி ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று அவள் காத்திருந்தாள்.

அவன் திட்டவில்லை. கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு சாண் தூக்கி நிறுத்தினோமே, அப்பவே சத்தம் கேட்டுச்சு," என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது?"

"அந்தக் கிர்ருனு ஒரு சத்தம். ஒட்டகத்துக்குக் கேக்கல, பசங்களுக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. கயிறு கிடந்த கிடப்பும் எனக்குப் பிடிக்கல."

"கேட்டுச்சா? கேட்டும் ஏன் அண்ணே தூக்கின? இருபது வருஷமா இதே வேலை பாக்கற! அறிவு இருக்கா உனக்கு? ஏன் தூக்கின?"

அவள் கத்திய கத்தில் கோஷ்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் அவளைப் பார்க்காமல், அவள் தோளில் ஒட்டியிருந்த பெயிண்ட் துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான்.

"வேற எவன் சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கே இறக்கியிருப்பேன்," என்றான். "சொன்னது நீயாச்சே."

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி அதே கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதாள்.